ஒரு சிட்டிகை உப்பும் உருகும் ஜெல்லும்: மின்சுமையுள்ள பாலிமர்களில் உப்பின் வேலையைச் சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

கடையில் விற்கும் தலைமுடி ஜெல்லையோ கற்றாழை ஜெல்லையோ உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருட்பட்டியலில் கார்போமர் என்ற பெயர் இருக்க வேண்டும்; பலவற்றில் இருக்கும். அதன்மேல் ஒரு சிட்டிகைச் சோற்று உப்பைத் தூவி விரலால் குழப்புங்கள். கெட்டியாக நின்ற ஜெல் சில நொடிகளில் தளர்ந்து நீராகி மணிக்கட்டில் வழியும். தண்ணீர் ஊற்றவில்லை, சூடு காட்டவில்லை. உப்பு மட்டும்தான் சேர்ந்தது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்று. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டை நீரில் கரைத்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த சொட்டு விழுந்த இடத்திலேயே முத்தாக உறைகிறது. இதுவும் உப்புதான். அங்கே உருக்கியது, இங்கே உறைய வைக்கிறது.

கார்போமரும் ஆல்ஜினேட்டும் பாலிமர்கள், அதாவது சிறு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்தச் சங்கிலியில் இருக்கும் மின்சுமை. கல்லூரி ஆய்வகத்திலோ, நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சின்னத் தராசு இருந்தால் வீட்டு மேசையிலோ இதைச் சோதித்துவிடலாம். எல்லா உப்பும் ஒன்றல்ல, ஒரே உப்பும் எல்லா அளவிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், செடிகளுக்குப் போடும் நீர்தாங்கி ஜெல் பாக்கெட்டில் ‘நானூறு மடங்கு நீரை ஏற்கும்’ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப மாட்டீர்கள்.

தொடங்கும் முன் கொஞ்சம் கணக்கு

டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட்டை எடுத்துக்கொள்வோம். முழுவதும் நடுநிலையாக்கப்பட்ட சங்கிலியில் ஏறத்தாழ 0.25 நானோமீட்டருக்கு ஒன்று என்று எதிர்மின்சுமை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அவற்றுக்கு ஈடாகச் சோடியம் அயனிகள் சுற்றிலும் இருக்கின்றன. இவற்றை எதிரயனிகள் என்கிறோம். எல்லாச் சோடியமும் சுதந்திரமாக உலவுவதாக எண்ணிவிடக் கூடாது. 1969-இல் ஜெரால்டு மானிங் முன்வைத்த கணக்கின்படி, அறை வெப்பநிலை நீரில் 0.7 நானோமீட்டருக்கும் நெருக்கமாக மின்சுமைகள் அமைந்தால், அந்த இடைவெளி வரும்வரை எதிரயனிகள் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பாலிஅக்ரிலேட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் விடுதலையாகத் திரியும். ஒரு கிராம் பாலிமருக்கு ஏறத்தாழ 4 மில்லிமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் ஊதுவது இந்த 4 மில்லிமோலின் தயவில்தான்.

ஜெல்லில் இந்தச் சங்கிலிகள் குறுக்குப்பிணைப்புகளால் ஒன்றோடொன்று இணைந்து வலையாக இருக்கின்றன. வலைக்குள் அடைபட்ட இந்த அயனிகளால் வெளியே போக முடியாது, போனால் மின்சமநிலை கெடும். அவற்றை நீர்த்துப்போகச் செய்யத் தண்ணீர் உள்ளே வருகிறது. வலையின் குறுக்குப்பிணைப்புகள் இழுத்துப் பிடிக்கும்வரை வந்துகொண்டே இருக்கும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு கிராம் பாலிமர் 300 கிராம் தூய நீரை ஏற்றிருந்தால், உள்ளே விடுதலை எதிரயனிகளின் செறிவு லிட்டருக்கு 0.013 மோல் அளவில் இருக்கும். வெளியே கிட்டத்தட்ட எதுவும் இல்லை. இந்த வித்தியாசமே ஊதவைக்கும் அழுத்தம். அதே ஜெல்லை 0.9 சதவீத உப்புநீரில், அதாவது லிட்டருக்கு 0.154 மோல் சோடியம் குளோரைடில் போட்டால், உப்பு உள்ளேயும் புகுந்துவிடும். உள்ளும் புறமும் அயனிகள் நிறைந்துவிடுவதால் அந்த 0.013 மோல் கூட்டத்தில் கரைந்துபோகிறது. மின்சுமையுள்ள வலைக்கு உள்ளும் புறமும் அயனிகள் எப்படிப் பிரிந்து நிற்கும் என்று சொல்லும் டானன் சமநிலைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் 0.0003 மோலுக்கு விழுந்துவிடுகிறது. அழுத்தம் போனது, வலை சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க உள்ளே எதிரயனிச் செறிவு ஏறுகிறது. 40 மடங்கு அளவுக்கு வரும்போது வித்தியாசம் மீண்டும் 0.016 மோலை எட்டுகிறது, அதாவது தொடங்கிய இடத்துக்கே. டயப்பர் ஜெல்கள் உப்புநீரில் 30 முதல் 60 மடங்கு வரை நிற்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்காட்டினால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

இன்னோர் எண்ணும் கையில் இருக்கட்டும். ஒரு மின்சுமையின் செல்வாக்கு உப்புநீரில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை டிபை நீளம் சொல்கிறது. சோடியம் குளோரைடு போன்ற உப்புக்கு 0.304-ஐ மோல் செறிவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நானோமீட்டரில் விடை. 0.001 மோலில் 9.6, 0.1 மோலில் 0.96. கார்போமர் ஜெல் உருகியதும், பின்னால் பாகுத்தன்மை விழப்போவதும் இந்த எட்டும் தூரம் குறுகுவதால்தான்.

படி 1: பாலிமரை எடுத்தல்

புதிய டயப்பர் ஒன்றின் நடுப்பகுதியைக் கத்தரித்து, பஞ்சோடு சேர்த்து ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டிக் குலுக்குங்கள். சர்க்கரை போன்ற வெள்ளைத் துகள்கள் அடியில் சேரும். முகக்கவசம் கட்டாயம். இந்தத் தூள் மூச்சுக்குள் போனால் அங்கேயும் தண்ணீரைத் தேடும். தோட்டத்துக்கு விற்கும் ஜெல் துகள்களும் ஆகும். ஆனால் அவற்றில் பல, மண்ணில் சோடியம் சேரக் கூடாது என்பதற்காகப் பொட்டாசியம் உப்பாகத் தயாரிக்கப்பட்டவை. எதை எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: கரைசல்கள்

தூய நீருக்கு, கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும். மினரல் வாட்டர் கூடாது, அதில் உப்புகள் இருக்கின்றன.

சோடியம் குளோரைடு: லிட்டருக்கு 9 கிராம். இதைப் பத்தில் ஒன்றாகவும் நூறில் ஒன்றாகவும் நீர்த்து மேலும் இரண்டு. கல்லுப்பு எடுக்காதீர்கள், அதில் மக்னீசியமும் கால்சியமும் ஒட்டியிருக்கும், பின்னால் குழப்பும்.

சர்க்கரை: லிட்டருக்கு 103 கிராம். உப்புச் சோதனையில் சர்க்கரைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இதுதான் இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த கரைசல், கொஞ்சம் பொறுங்கள்.

கால்சியம் குளோரைடு: முதலில் லிட்டருக்கு 14.7 கிராம் என்று ஒரு மூலக்கரைசல். அதில் 10 மில்லியை ஒரு லிட்டராக நீர்த்தால் 1 மில்லிமோல். இந்த எடை இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட வகைக்கு. நீரற்ற வகை என்றால் 11.1 கிராம். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த புட்டி என்றால் எடையை நம்ப வேண்டாம், உள்ளே பாதி தண்ணீர்தான்.

மக்னீசியம் சல்பேட், அதாவது பேதி உப்பு: மூலக்கரைசல் லிட்டருக்கு 24.6 கிராம், அதே முறையில் நீர்த்தல்.

கடைசியாக, உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரு லிட்டர், அப்படியே.

படி 3: தேநீர்ப் பைச் சோதனை

இந்தத் தொழிலில் இருப்பவர்களும் செய்வது இதைத்தான். வெறும் தேநீர்ப் பையில் 0.20 கிராம் பாலிமரை இட்டு வாயை மூடி, ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மணி நேரம் மூழ்க வைக்கவும். பிறகு ஒரு கொடியில் 10 நிமிடம் தொங்கவிட்டு எடை போடவும். கூடவே பாலிமர் இல்லாத வெற்றுப் பை ஒன்றையும் அதே கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டு எடை எடுக்கவும். ஈரப் பையின் எடையிலிருந்து வெற்று ஈரப் பையின் எடையையும் 0.20 கிராமையும் கழித்து, 0.20-ஆல் வகுத்தால் ஊதல் மடங்கு.

மூன்று பை வீதம் செய்யுங்கள். தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் தொடக்க எடையிலேயே ஐந்து சதவீதப் பிழை இருக்கிறது. ஒரே பையை நம்பிக் கோடு போட்டுவிட்டு, கோடு ஏன் நெளிகிறது என்று விடிய விடிய யோசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பை சிறிதாக இருந்தாலும் தொல்லைதான். தூய நீரில் 0.20 கிராம் பாலிமர் 80 கிராம் வரை போகலாம். பை இறுக்கிவிட்டால் நீங்கள் அளப்பது பாலிமரை அல்ல, பையை.

படி 4: கிடைத்ததைப் படித்தல்

தூய நீரில் வகையைப் பொறுத்துச் சில நூறு மடங்கு வரும். 9 கிராம் உப்பில் சில பத்து மடங்கு. பாலிமர் வேதியியலாளர் ஃபுளோரியின் கோட்பாடு, உப்பு பத்து மடங்கு கூடினால் ஊதல் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும் என்கிறது. கையில் வரும் இறக்கம் பெரும்பாலும் அவ்வளவு செங்குத்தாக இருக்காது. நன்றாக ஊதிய வலையில் சங்கிலிகள் ஏற்கெனவே விறைத்துப்போய் நிற்கின்றன, கோட்பாடு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது சர்க்கரை. உப்பு ஏன் ஜெல்லைச் சுருக்குகிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர், “உப்புநீர் செறிவானது, அது ஜெல்லில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது” என்பார்கள். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவதைப் பார்த்துப் பழகிய விளக்கம் அது. லிட்டருக்கு 103 கிராம் சர்க்கரையில் துகள்களின் எண்ணிக்கை 9 கிராம் உப்பில் இருக்கும் அயனிகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம். செறிவுதான் காரணம் என்றால் சர்க்கரையிலும் ஜெல் அதே அளவு சுருங்க வேண்டும். சுருங்காது, தூய நீரில் ஊதியதற்குப் பக்கத்திலேயே நிற்கும். சர்க்கரை மூலக்கூறு வலைக்குள் தாராளமாகப் போய்வருகிறது. அதற்கு மின்சுமை இல்லாததால் எதிரயனிகளின் கணக்கில் கை வைக்க அதனால் முடிவதில்லை. மாங்காயின் செல்சவ்வு வேறு, பாலிமர் வலை வேறு. உரத்திலும் இதே பேதம் உண்டு. யூரியா மின்சுமையற்றது, ஜெல்லை அதிகம் தொடாது. பொட்டாஷ் உரம் சுருக்கிவிடும்.

படி 5: திரும்பி வருகிறதா?

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பாதி விஷயம் போயிற்று. சோடியம் குளோரைடில் சுருங்கிய பையை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, அந்த நீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். ஜெல் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே ஊதிவிடும். கால்சியத்தில் சுருங்கியதை அதே போலச் செய்து பாருங்கள். விரலுக்கு ரப்பர் போலக் கெட்டியாகத் தட்டுப்படும் அது, எத்தனை முறை நீரை மாற்றினாலும் அசையாமல் கிடக்கும்.

சோடியம் குளோரைடு ஒரு திரை மாதிரி. எடுத்தால் போய்விடும். கால்சியம் அப்படியல்ல. அது சோடியத்தை வெளியேற்றிவிட்டுத் தானே உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு சோடியம் போய் ஒரு கால்சியம் வந்தால் விடுதலை அயனிகளின் எண்ணிக்கை குறைகிறது. போதாததற்கு அது இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே பாலமும் போடுகிறது. அதை வெளியேற்ற, கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் சோடியம் சிட்ரேட் கரைசலில் ஊறவிட்டு, பிறகு தூய நீரில் அலசுங்கள். ஜெல் மீண்டும் ஊதத் தொடங்கும். கெட்டியான உப்புநீரில் சில முறை அலசினாலும் பலன் உண்டு. வீட்டில் தண்ணீரை மென்னீராக்கும் கருவிக்கு அவ்வப்போது உப்பு போடுகிறார்களே, அதற்குள் நடப்பதும் இதே பண்டமாற்றுதான். அங்கே இருப்பது சல்போனேட் தொகுதிகள் கொண்ட பாலிஸ்டைரீன் மணிகள்.

மக்னீசியத்தின் பிடி கால்சியத்தைவிடத் தளர்வானது. தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை அது எளிதில் உதறுவதில்லை. இரண்டுக்கும் மின்சுமை ஒன்றுதான் என்றாலும் நடத்தை வேறு.

படி 6: கால்சியத்தில் பாத்திரத்தின் அளவும் பேசும்

ஒரே 1 மில்லிமோல் கால்சியம் கரைசலில், ஒரு பையை ஒரு லிட்டரிலும் இன்னொன்றை 100 மில்லியிலும் போடுங்கள். செறிவு ஒன்றுதான். விடைகள் மட்டும் தூரத்து உறவாகக்கூட இருக்காது.

காரணம் எளிது. டயப்பர் வகைப் பாலிமரில் நான்கில் மூன்று பங்கு அமிலத் தொகுதிகள் நடுநிலையாக்கப்பட்டிருக்கும் என்று கொண்டால், 0.20 கிராமில் 1.7 மில்லிமோல் மின்சுமை. அதை நிரப்ப 0.85 மில்லிமோல் கால்சியம் போதும். ஒரு லிட்டரில் 1 மில்லிமோல் இருக்கிறது, எல்லா இடத்தையும் பிடித்துவிடலாம். 100 மில்லியில் இருப்பதோ 0.1 மில்லிமோல், எட்டில் ஒரு இடத்துக்கே காணும். ஆகவே இரட்டை மின்சுமை அயனிகளுக்குச் செறிவை மட்டும் எழுதினால் போதாது. எத்தனை கிராம் பாலிமர், எத்தனை மில்லி கரைசல் என்பதையும் எழுத வேண்டும்.

இப்போது ஆழ்துளைக் கிணற்று நீருக்கு வருவோம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைக்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் நீர் 500 என்று கொள்வோம். கால்சியம் கார்பனேட் கணக்கில் 100 மில்லிகிராம் என்பது 1 மில்லிமோல். ஆகவே லிட்டருக்கு 5 மில்லிமோல் இரட்டை மின்சுமை அயனிகள். ஒரு கிலோ ஜெல்லில் 8.5 மோல் மின்சுமை இருப்பதால், காகிதக் கணக்கில் 850 லிட்டர் நீரில் வரும் கால்சியமும் மக்னீசியமும் அதை நிரப்பிவிடும். சோட்டா யானையில் வரும் தொட்டித் தண்ணீர் ஒன்றிரண்டு நடை. மண்ணில் எல்லா அயனியும் ஜெல்லைத் தேடி வராது, சோடியமும் பொட்டாசியமும் போட்டிக்கு நிற்கும். அதனால் வயலில் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. ஆனால் போகும் திசை இதுதான். ஜெல் வாங்குவதற்கு முன் உங்கள் கிணற்று நீரிலேயே தேநீர்ப் பைச் சோதனையைச் செய்து, நீரை மாற்றி மாற்றி ஐந்து முறை திரும்பச் செய்து பார்த்துவிடுவது நல்லது. பாக்கெட்டின் எண் தூய நீருக்கானது.

படி 7: வலை இல்லாத சங்கிலி

இதுவரை குறுக்குப்பிணைப்பு உள்ள ஜெல். தனிச் சங்கிலிக்கு சி.எம்.சி. எனப்படும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் தோதானது. கல்லூரியில் ஆஸ்ட்வால்டு பாகுமானி இருக்கும்; நுண்குழாய் வழியே கரைசல் இறங்கும் நேரத்தை வைத்துப் பாகுத்தன்மையை அளக்கும் கண்ணாடிக் கருவி அது. தூய நீரில் சில செறிவுகளில் கரைசல் செய்து, நீர் இறங்கும் நேரத்தோடு ஒப்பிட்டு, கூடுதல் பாகுத்தன்மையைச் செறிவால் வகுத்து வரையுங்கள். மின்சுமையற்ற சாதாரணப் பாலிமருக்கு, நீர்க்க நீர்க்க இந்த எண் நேர்கோட்டில் இறங்கும். சி.எம்.சி.க்கு அது ஏறும்! 1940-களில் ரேமண்ட் ஃபூஸ் இந்த நடத்தையை விரிவாக ஆராய்ந்து அதற்கு ஒரு சூத்திரமும் எழுதினார். நீர்க்கும்போது எதிரயனிகளும் விலகிப்போவதால், சங்கிலியின் மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளி அதை நீட்டிவிடுகின்றன. 0.1 மோல் சோடியம் குளோரைடில் அதே சோதனையைச் செய்தால் வரைகோடு ஒழுங்காகப் பணிந்துவிடும், பாகுத்தன்மையும் விழும்.

எதை முதலில் கரைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சி.எம்.சி.யைத் தூய நீரில் கரைத்துவிட்டுப் பிறகு உப்பைச் சேர்த்தால் ஓர் அளவு. உப்புநீரில் சி.எம்.சி.யைத் தூவினால் அதைவிடக் குறைந்த அளவு, சங்கிலிகள் முழுதாக விரியவே இல்லை. சமையலில் மாவைக் கரைத்து ஊற்றுவதற்கும் கொதிக்கும் குழம்பில் அப்படியே கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் போல. நோட்டில் வரிசையை எழுதுங்கள்.

எண்ணெய்க் கிணறுகளில் இதே விளையாட்டுதான் பெரிய பணத்தை வைத்து நடக்கிறது. நிலத்தடியில் எண்ணெயைத் தள்ளப் பகுதி நீராற்பகுத்த பாலிஅக்ரிலமைடைக் கரைத்து நீரைக் கெட்டியாக்குகிறார்கள். நிலத்தடி நீரில் உப்பும் கால்சியமும் மிகுந்தால் பாலிமர் செலவு ஏறிவிடும். சீனாவின் தாச்சிங் எண்ணெய் வயலில் அந்த முறை பெரிய அளவில் வேரூன்றியதற்கு அங்குள்ள நீரில் உப்பு குறைவு என்பதும் ஒரு காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஷாம்பு செய்பவர்கள் உப்பு போட்டுக் கெட்டியாக்குகிறார்களே என்று கேட்கலாம். அங்கே கெட்டியாவது பாலிமர் அல்ல, நுரைபொருளின் மூலக்கூறுகள் புழுக்களைப் போல நீண்டு பின்னிக்கொள்வதால் வருவது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

படி 8: உறைய வைக்கும் உப்பு

மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசமும், பக்கோடா பாசி என்று சொல்லும் டர்பினேரியாவும் ஆல்ஜினேட்டின் மூலப்பொருள்கள். ஒரு சதவீத ஆல்ஜினேட் கரைசலைச் சிறிய சிரிஞ்சில் எடுத்து 0.1 மோல் கால்சியம் குளோரைடில் சொட்டுங்கள், முத்துகள் வரும். அதே செறிவு மக்னீசியம் சல்பேட்டில் சொட்டுங்கள், ஒன்றும் நடக்காது. ஆல்ஜினேட் சங்கிலியில் குலுரோனிக் அமிலப் பகுதிகள் முட்டை வைக்கும் அட்டை போல மடிந்திருக்கின்றன, அந்தக் குழிகளில் கால்சியம் சரியாக உட்காருகிறது.

மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கிடைக்கும் கப்பா கராஜீனன் என்ற பாலிமருக்கோ உறையப் பொட்டாசியம்தான் வேண்டும். ஒரு சதவீதக் கரைசலைச் சூடாகச் செய்து இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பொட்டாசியம் குளோரைடும் மற்றதில் சம மோல் சோடியம் குளோரைடும் இட்டு ஆறவிடுங்கள். பொட்டாசியம் இட்டது கத்தியால் வெட்டும் அளவுக்கு நிற்கும். மின்சுமை இரண்டிலும் ஒன்றுதான். எந்த அயனி என்பது பேசுகிறது. 1888-இல் பிராகா நகரில் ஃபிரான்ஸ் ஹாஃப்மைஸ்டர் முட்டை வெண்கருவில் உப்புகளை வரிசைப்படுத்தியபோது பார்த்ததும் இந்த வகை வேற்றுமையைத்தான்.

படிகாரத்தையும் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மும்மடங்கு மின்சுமையுள்ள அலுமினியம் என்பதால் பாலிஅக்ரிலேட் ஜெல் உடனே சுருங்கும், அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தில், சங்கிலியின் எதிர்மின்சுமைத் தொகுதியான கார்பாக்சிலேட் தன் மின்சுமையையே இழந்துவிடும். சுருக்கியது அலுமினியமா, அமிலமா என்று பிரிக்க, அதே பி.எச். அளவுக்குக் கொண்டுவந்த நீர்த்த அமிலத்தில் இன்னொரு பையைப் போட வேண்டும்.

ஒரே சங்கிலியில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சேர்ந்திருக்கும் பாலிமர்கள் இந்தக் கதை முழுவதையும் தலைகீழாக்கும். உப்பு இல்லாவிட்டால் தங்களுக்குள் கட்டிப்பிடித்துக் கிடக்கும், உப்பு சேர்த்தால் விரியும். சல்போபீட்டைன் வகைகள் அப்படிப்பட்டவை. வீட்டில் கிடைக்காது, அதனால் இங்கே படி போடவில்லை.

கழுவும் வேலை

ஊதிய ஜெல்லைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். குழாயில் போய் மேலும் தண்ணீர் குடித்து அடைத்துக்கொள்ளும். தரையில் சிந்தினால் எண்ணெயைவிட மோசமாக வழுக்கும். துடைக்கத் துடைக்கப் பரவும்போது ஒரு கைப்பிடி உப்பை மேலே தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீரைக் கக்கிச் சுருங்கியதை அட்டைத் துண்டால் வாரிக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சிய உப்புநீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.